கையை விட்டு நிற்பது

நான் பிசியோதெரபி படித்த தொண்ணூறுகளின் கடைசியில், நெஞ்சு நோய்ப் பாடம் என்றாலே சளி எடுப்பதுதான். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்ட வேண்டும். கை சரியாகக் குழிந்திருந்தால் டொப் டொப் என்று கேட்கும். தட்டையாக விழுந்தால் நோயாளிக்கு வலிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அறையின் மறுகோடியிலிருந்து எங்கள் ஆசிரியை யார் தப்பாகத் தட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார். அதற்கப்புறம் உதட்டைக் குவித்து மூச்சு விடப் பழக்குவது. கடைசியாக ஆறு நிமிட நடை. முப்பது மீட்டர் வராந்தாவில் இரண்டு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கூம்பை வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது, மூச்சுத் திணறலுக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் கொடுக்கிறார் என்று குறித்துக்கொள்வோம். அதோடு தாள் நிறைந்துவிடும்.

கீழே விழுந்தீர்களா என்ற கேள்வி அந்தத் தாளில் கிடையாது. பக்கவாதம் வந்தவரிடம் அதைத்தான் முதலில் கேட்போம். பார்க்கின்சன் நோயாளியிடம், முட்டி ஆபரேஷன் செய்தவரிடம், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவரிடமும் கேட்போம். இளைப்புக்காரரிடம், அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவரிடம், யாரும் கேட்பதில்லை. நோய் நெஞ்சில் இருக்கிறது, கால் நன்றாகத்தானே இருக்கிறது என்பது எல்லோருடைய எண்ணமும்.

அந்த எண்ணத்தை எனக்குள் மாற்றியவர் ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டர். திண்டுக்கல்லில் நான் அப்போது வேலை பார்த்த சிறிய கிளினிக்குக்கு நெஞ்சு நோய் டாக்டரின் சீட்டோடு வந்தார். வயது 68. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் அரசு பஸ்ஸில் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். பீடி குடித்தவர்தான், ஓய்வு பெறும் முன்பே விட்டுவிட்டார். ஆனால் அவர் வேலை பார்த்த காலத்தில் அவர் குடித்தது மட்டுமா அவருக்குள் போயிற்று? பொது இடங்களில் புகைபிடிப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது 2001இல். அது சட்டமாகி, விதிகளாகி, கறாராக நடைமுறைக்கு வந்தது 2008 அக்டோபரில். அதற்கு முந்தைய பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவரெல்லாம் பற்றவைப்பார்கள். மலையில் குளிர் ஏற ஏற ஜன்னல்களை இறக்கிவிடுவார்கள். முன்னால் இன்ஜின் பெட்டியிலிருந்து டீசல் வாடை வரும். அத்தனைக்கும் நடுவே நின்றுகொண்டு அவர் டிக்கெட் கிழித்தார்.

என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பாத்ரூம்ல வழுக்கிருச்சும்மா" என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி விடவில்லை. "வழுக்கலம்மா. தரை காஞ்சுதான் கெடந்துச்சு. குளிச்சிட்டு லுங்கி கட்டுறப்ப விழுந்தாரு. அதுக்கு முந்தி கோயில் வாசல்ல செருப்பக் கழட்டுறப்ப. அதுக்கும் முந்தி மாடில துணி காயப்போடுறேன்னு போயி. கேட்டா வழுக்கிருச்சு, வழுக்கிருச்சும்பாரு."

லுங்கி கட்டுவது, செருப்பைக் கழற்றுவது, கொடியில் துணி போடுவது. அந்த அம்மா வரிசையாகச் சொன்னதைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன். மூன்றிலும் அவர் கை எதையும் பிடித்திருக்கவில்லை.

இளைப்பு முற்றியவர்களைக் கவனித்துப் பாருங்கள். சும்மா நிற்க மாட்டார்கள். கதவு நிலையில் ஒரு கை இருக்கும், மேஜை விளிம்பில் ஒரு கை இருக்கும். உட்கார்ந்தால் இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றிக்கொள்வார்கள். பார்ப்பவர்கள் சோர்வு என்று நினைப்பார்கள். உண்மையில் அது மூச்சுக்கான ஏற்பாடு. கை ஓரிடத்தில் ஊன்றி நின்றுவிட்டால் தோளிலும் மார்பிலும் உள்ள தசைகள் கையைத் தூக்கிப் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டு விலா எலும்புகளைத் தூக்க வந்துவிடும். பிடிமானம் போனதும் அந்த உதவியும் போய்விடுகிறது. கையை மேலே தூக்கினாலோ இன்னும் மோசம். தலை வாரவும் மொண்டு ஊற்றிக் குளிக்கவும் கொடியில் துணி போடவும் இவர்களுக்கு மாடிப்படி ஏறுகிற அளவு மூச்சு வாங்கும். ஆக, அதே கை அவர்களுக்கு மூச்சையும் தாங்குகிறது, விழாமல் நிற்கும் நிதானத்தையும் தாங்குகிறது. லுங்கியைச் சுற்றிச் செருக இரண்டு கையும் இடுப்புக்குப் போகிற அந்தச் சில நொடிகளில் இரண்டு தாங்கலும் ஒன்றாகப் போய்விடுகின்றன. பல பேர் அந்த நேரத்தில் தெரியாமல் மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள்.

உள்ளே நடப்பது இன்னும் சிக்கலானது. மூச்சுக்கு மட்டுமே என்று நாம் நினைக்கும் உதரவிதானம், உடம்பை நேராக நிறுத்தும் வேலையும் செய்கிறது. கையை வேகமாகத் தூக்கப் போகிறீர்கள் என்றால், கை நகர்வதற்கு முன்பே அது இறுகி நடு உடம்பைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸ் குழுவினர் 2001இல் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்கே மூச்சின் தேவையைச் செயற்கையாகக் கூட்டிவிட்டுக் கையை அசைக்கச் சொன்னபோது, சற்று நேரத்தில் உதரவிதானம் நிறுத்தும் வேலையைக் குறைத்துக்கொண்டு மூச்சு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. எது முக்கியம் என்று உடம்பு எடுத்த முடிவு அது. இந்த நோயில் வெளியே போக வேண்டிய காற்று உள்ளேயே சிக்கி நுரையீரல் ஊதிக்கொள்கிறது, உதரவிதானம் தட்டையாகி ஏற்கெனவே அரை பலத்தில் இருக்கிறது. அதோடு தொடைத் தசை. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைக்கிறார்கள், நடை குறைந்ததால் தொடை இளைக்கிறது, தொடை இளைத்ததால் பத்தடிக்கே மூச்சு வாங்குகிறது. அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தசையும் மெலியும், எலும்பும் பொடியும். அதனால்தான் இவர்கள் விழுந்தால் எனக்குப் பயம். ஒரு இடுப்பு எலும்பு முறிவு, சில வாரம் படுக்கை, சளி கட்டி நிமோனியா. கடைசியில் மரணக் காரணம் என்று எழுதும் இடத்தில் நுரையீரல் இருக்கும், விழுந்தது இருக்காது.

மறுமுறை அவர் வந்தபோது பெர்க் அளவுகோலை எடுத்தேன். கேத்தரின் பெர்க் என்ற கனடா பிசியோதெரபிஸ்ட் எண்பதுகளின் கடைசியில் முதியவர்களுக்காக உருவாக்கியது. மொத்தம் 14 வேலைகள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், முழு மதிப்பெண் 56. நாற்காலியிலிருந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, திரும்பிப் பின்னால் பார்ப்பது, ஒரு காலை இன்னொரு காலின் முன்னால் வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது. அதில் ஒன்று தரையில் கிடக்கும் செருப்பைக் குனிந்து எடுப்பது. நான் அவருடைய செருப்பையே எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் குனியவில்லை. முதலில் அதைப் பார்த்தார். பிறகு இடது கையால் காற்றில் எதையோ தேடினார். அங்கே மேஜை இல்லை, வேண்டுமென்றேதான் தள்ளி வைத்திருந்தேன். தோள் இரண்டும் காதருகே ஏறின. முட்டியை மடக்காமல் முதுகை வளைத்துப் போனார். வயிறு அழுந்தியதும் மூச்சு நின்றது. விரல் நுனி செருப்பின் வாரில் பட்டது, எடுக்க முடியவில்லை. அப்படியே முன்னால் சாய்ந்தபோது நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலியில் உட்காரவைத்து ஆக்சிஜன் பார்த்தால் 93. மோசமில்லை. ஆறு நிமிட நடையிலும் அவர் வயதுக்கும் நோய்க்கும் சுமாரான தூரம் நடந்திருந்தார். அன்றைக்கு பெர்க் மதிப்பெண் 39. பொதுவாக 45க்குக் கீழே போனால் விழும் அபாயம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு நிமிட நடையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

செருப்பையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்: "கொண்டை ஊசி வளைவுல வண்டி திரும்பும். ஒரு கையில பை, ஒரு கையில டிக்கெட் கட்டு. எதையும் பிடிச்சதில்ல தாயி நான்."

எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். அவர் எழுந்து நின்று காட்டினார். கால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஒன்று முன்னே ஒன்று பின்னே, கோணலாக. முட்டி இறுகக் கூடாது. தொடையின் பின்பக்கம் சீட்டின் விளிம்பில் லேசாகப் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், சாயக் கூடாது. சில்லறையைப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது, வளைவுக்கு முன்னால் ஒரு முறை தலை நிமிர்ந்து முன் கண்ணாடியைப் பார்த்துவிட வேண்டும், வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிற விதம் பாதத்தில் தெரியும் என்றார். நான் நான்கரை வருடம் படித்ததை அவர் மலைப் பாதையில் கற்றிருந்தார். கண், உள்காது, பாதமும் மூட்டும் அனுப்பும் செய்தி என்று நாங்கள் வகுப்பில் பிரித்துப் படித்த மூன்றும் அவர் பேச்சில் இருந்தன. இப்போது அவர் நிற்பதில் அவற்றில் ஒன்றுமில்லை. முட்டி இறுகியிருந்தது, பார்வை தரையில் இருந்தது, மார்பு முன்னால் விழுந்திருந்தது. நோய் அவர் மூச்சோடு நிற்கும் விதத்தையும் எடுத்துப் போயிருந்தது.

டொரொன்டோவில் மார்லா பியூஷாம்ப் என்ற பிசியோதெரபிஸ்டும் அவர் சகாக்களும் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். 2009இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், இந்த நோய் உள்ள 39 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் கீழே விழுந்திருந்தார்கள். 2013இல் 'செஸ்ட்' இதழில் அடுத்தது வந்தது. நுரையீரல் புனர்வாழ்வுப் பயிற்சிக்கு வந்த 36 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான பயிற்சியோடு நிதானப் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வாரம் மூன்று முறை, ஆறு வாரம். அவர்களுடைய பெர்க் மதிப்பெண் மற்றவர்களைவிட நன்றாகவே கூடியிருந்தது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் வேகமும் கூடியிருந்தது. சின்ன ஆய்வுதான். என் மேஜைக்கு வந்த பிரதியில் பென்சிலால் நிறையக் கோடு போட்டேன். அதில் இருந்த பயிற்சிகளுக்கு மிஷின் எதுவும் வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. திண்டுக்கல்லில் செய்யலாம். நிலக்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில்கூடச் செய்யலாம்.

அறையின் மூலையில் ஆரம்பித்தோம். முதுகுக்கு இரண்டு பக்கமும் சுவர், முன்னால் ஒரு கனத்த நாற்காலி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதாவது ஒன்று தாங்கும், அதனால் பிடிக்காமல் நிற்க மனசு சம்மதிக்கும். பயிற்சிக்கு முன்னால் அவருடைய இன்ஹேலரை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கும், 88க்குக் கீழே இறங்கினால் உட்கார வேண்டும். முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்பது. அப்புறம் ஒரு பாதத்தை அரை அடி முன்னே நகர்த்தி. அப்புறம் குதிகால் கட்டைவிரலைத் தொட ஒரே கோட்டில். இதெல்லாம் கையைத் தொங்கவிட்டபடி, தோளை இறக்கியபடி.

மூச்சை மறந்துவிடுவார் என்பதுதான் சிரமம். நிதானத்தில் கவனம் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், பிடித்த கொஞ்ச நேரத்தில் திணறுவார், திணறினால் கை நாற்காலிக்கு ஓடும். உதட்டைக் குவித்து ஊதுங்கள் என்றால் பலமாக ஊதினார். அவர் வேலையே விசில்தானே, ஒரு விசிலுக்கு வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். ஆனால் இந்த நோயில் பலமாக ஊதினால் ஏற்கெனவே தளர்ந்த சின்னக் காற்றுக் குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்ளும், காற்று இன்னும் உள்ளேதான் சிக்கும். "விசில் வேண்டாம் ஐயா, சூடான காப்பிய ஊதுற மாதிரி ஊதுங்க" என்றேன். அது பிடிபட்டது. எழும்போது ஊது, குனியும்போது ஊது, படி ஏறும்போது ஊது. உடம்புக்கு வேலை கூடுகிற நேரமெல்லாம் காற்று வெளியே போகிற நேரமாக இருக்கட்டும். செருப்பை எடுக்கக் குனிவதையும் அப்படித்தான் பிரித்துப் பழகினோம். ஒரு காலைப் பின்னே வை, முட்டியை மடக்கு, ஊதிக்கொண்டே இறங்கு, எடு, கீழேயே ஒரு மூச்சு வாங்கு, ஊதிக்கொண்டே ஏறு. அவர் மனைவி நாற்காலியின் மறுபக்கம் நின்று "ஊதுங்க, ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அடுத்து நடை. தரையில் போட்ட கம்புகளைத் தாண்டுவது, பின்பக்கமாக நடப்பது, நடந்துகொண்டே தலையை இரு பக்கமும் திருப்புவது. அதன்பிறகுதான் சில்லறை. வராந்தாவில் இரண்டு பக்கமும் நாற்காலிகளைப் போட்டு, காத்திருக்கும் மற்ற நோயாளிகளை உட்காரவைத்தோம். அவர் நடுவில் நடந்துவந்து பணம் வாங்கி மீதி கொடுக்க வேண்டும். விளையாட்டுக்காகச் செய்ததில்லை. நடக்கும்போது மூளைக்கு இன்னொரு வேலை கொடுத்தால் நடை தடுமாறுகிறதா என்று பார்ப்பதும், அந்தத் தடுமாற்றத்தைப் பழக்கிக் குறைப்பதும் எங்கள் தொழிலில் நிஜமான பயிற்சி. தெருவில் யாரும் நடையை மட்டும் செய்வதில்லை, பேசுகிறார்கள், சட்டைப் பையில் பணம் தேடுகிறார்கள். முதல் தடவை மீதிக் கணக்குப் போட வேண்டிய இடத்திலெல்லாம் அவர் நின்றுவிட்டார். போகப்போக நிற்காமல் கொடுத்தார். பழைய ஸ்டேஜ் கட்டணமெல்லாம் அவருக்கு மனப்பாடம். "பெருமாள்மலை ரெண்டா? சில்லறையா குடுங்க" என்று கேட்டபடி ஒரு நாள் கோணலாகக் கால் வைத்து நின்றார். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வந்தது.

இந்தப் பயிற்சிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு, செய்ய எனக்கே துணிவு வேண்டும். நோயாளி எதிரே நிற்பார். அவர் தோள்களில் என் இரண்டு உள்ளங்கைகளையும் வைப்பேன். அவர் தன் எடையை என் கைமேல் சாய்க்க வேண்டும், பாதி உடம்பு என் கையில் இருக்கும்வரை. பிறகு நான் கையை எடுத்துவிடுவேன். எப்போது எடுப்பேன் என்று சொல்ல மாட்டேன். அவர் ஒரு எட்டு முன்னே வைத்துத் தன்னைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விழாமல் நிற்பது வேறு, விழப்போகும்போது பிடித்துக்கொள்வது வேறு. இரண்டாவதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி இருப்பார், இல்லாமல் செய்யக் கூடாது. கண்டக்டர் ஐயா முதல் முறை சாயவே மாட்டேன் என்றார். தோள் என் கையில் தொட்டுக்கொண்டு நின்றதே தவிர எடை வரவில்லை. "உன்னைய நம்பாம இல்ல தாயி, காலை நம்பல" என்றார். வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒரு நாள் எடை வந்தது. எடுத்தேன். வலது கால் முன்னே போயிற்று, பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது. வாய் நிறைய ஊதினார். இன்னொரு முறை என்றார்.

குளியலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் இவர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான் என்பது என் அனுபவம். வாளியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றும்போது என்னென்ன நடக்கிறது பாருங்கள். கை மேலே போகிறது, மூச்சு வாங்குகிறது. முகத்தில் தண்ணீர் வழியும்போது மூச்சைப் பிடிக்கிறோம். சோப்புக்குக் கண்ணை மூடுகிறோம், பார்வை தந்த தாங்கல் போகிறது. தலையைப் பின்னே சாய்க்கிறோம், உள்காது குழம்புகிறது. பாதத்துக்குக் கீழே ஈரம். நிதானத்தைக் கெடுக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில், அதுவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு. அதனால் மூலையில் நின்று கண்ணை மூடும் பயிற்சியை இவர்களுக்குக் கட்டாயம் கொடுப்பேன். வீட்டுக்குள்ளும் மாற்றம் சொல்வேன். ஒரு முக்காலி, உட்கார்ந்து குளிக்க. சுவரில் ஒரு கைப்பிடி. தாழ்ப்பாள் வேண்டாம். கண்டக்டர் ஐயா முக்காலிக்குச் சம்மதித்தார், லுங்கியை உட்கார்ந்து கட்டச் சொன்னதற்குச் சம்மதிக்கவில்லை. நின்றுதான் கட்டுவேன் என்றார். சுவரில் முதுகை வைத்து, கோணலாகக் கால் வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு என்று அதையும் பழகினோம். ஆபத்து இருக்கிறது என்று எல்லாவற்றையும் உட்கார்ந்தே செய்யவைத்துவிட்டால் நிற்கிற நேரம் இன்னும் குறையும், நிதானமும் இன்னும் போகும். எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பழக்கி மீட்பது என்பதை அந்த மனிதரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவருக்குப் பிறகு இளைப்போடு வரும் எல்லோரிடமும் விழுந்ததைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தேன். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் தன்னுடைய குழாயிலேயே தடுக்கி விழுந்திருந்தார். மிஷின் கூடத்தில், கட்டில் அறையில், நீளக் குழாய் வீடெல்லாம் சுருண்டு கிடக்கும், அது நிறமில்லாத குழாய், சிமெண்டுத் தரையில் கண்ணுக்கே தெரியாது. இரண்டடிக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டினோம். மிச்சக் குழாயை இடது கையில் வளையமாகப் பிடித்துக்கொண்டு நடக்கவும், திரும்பும்போது குழாய் காலைச் சுற்றாத பக்கமாகத் திரும்பவும் பழக்கினோம். நத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா புகையிலையைத் தொட்டதே இல்லை. அவர் நுரையீரலைக் கெடுத்தது விறகடுப்பு. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத, முப்பது வயதைக் கடந்த 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில் 2.44 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. விறகு எரித்தவர்களிடம் சற்றுக் கூடுதல். இப்போது அந்த அம்மா வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது, அதையும் தரையில் வைத்துத்தான் சமைத்தார். ஒவ்வொரு முறையும் தரையிலிருந்து எழும்போது தடுமாற்றம். அடுப்பை மேடையேற்றச் சொல்வது சுலபம். ஆனால் கோயிலில், விசேஷ வீட்டில், மகள் வீட்டில் தரையில் உட்காராமல் அவரால் இருக்க முடியாது. அதனால் தரையிலிருந்து எழுவதையே படிப்படியாகப் பழக்கினோம். பக்கவாட்டில் ஒருக்களித்து, ஒரு முட்டியை ஊன்றி, கையை அந்தத் தொடையில் வைத்து, ஊதிக்கொண்டே எழுவது.

நம்பிக்கையை அளக்க ஒரு கேள்வித்தாள் உண்டு. பவல், மயர்ஸ் என்ற இருவர் 1995இல் உருவாக்கியது. 16 சூழ்நிலைகளைச் சொல்லி, தடுமாறாமல் செய்வோம் என்று எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று கேட்கும். அதில் கடைசிக் கேள்வி பனி உறைந்த நடைபாதை. திண்டுக்கல்லில் அதைக் கேட்டு என்ன பயன்? நான் பேச்சுக்காகச் சிலதைச் சேர்த்துக்கொண்டேன்: மழை பெய்த மறுநாள் சந்தை, தேர்த் திருவிழாக் கூட்டம், பஸ் படி, உட்கார்ந்து எழும் கழிப்பறை. இதற்கெல்லாம் மதிப்பெண் போட்டு ஆய்வுக்கு அனுப்ப முடியாது, ஆனால் எங்கே பயம் இருக்கிறது என்று தெரியும். டொரொன்டோ ஆய்விலும் நிதானம் கூடிய அளவுக்கு நம்பிக்கை கூடவில்லை. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கண்டக்டர் ஐயாவின் பெர்க் மதிப்பெண் 39இலிருந்து 48க்கு ஏறிய பிறகும் அவர் பஸ் ஏறவில்லை. மகன் பைக்கிலும் ஆட்டோவிலும்தான் வந்தார். எந்தப் பஸ்ஸில் பிடிக்காமல் நின்றாரோ அதில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நினைத்தார் என்பதை அவர் மனைவிதான் சொன்னார். வற்புறுத்தவில்லை. கிளினிக்குக்குப் பின்னால் ஒரு உயரமான படியைக் கட்டையால் செய்துவைத்து, பஸ் படியின் உயரத்துக்கு ஏறி இறங்கப் பழக்கினோம். ஒரு புதன்கிழமை டவுன் பஸ்ஸில் வந்திறங்கினார். உட்கார இடம் கிடைத்ததாம். அது போதும்.

இத்தனைக்குப் பிறகும் நுரையீரலின் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனையில் அவருடைய முடிவு மாறவில்லை. மாறாது. கெட்டுப்போன நுரையீரல் பயிற்சியால் திரும்புவதில்லை, அதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். மாறியது அந்த நுரையீரலை வைத்துக்கொண்டு அவர் நிற்கிற விதம். கையை விட்டு நின்றார், லுங்கி கட்டினார், கோயிலில் தூணைத் தேடாமல் செருப்பைக் கழற்றினார். ஒரு தடவை தெருவில் நாய் குறுக்கே ஓடித் தடுமாறியதாகச் சொன்னார். "கால் தானா முன்னாடி போயிருச்சு" என்றார். அதை அவர் சொன்ன மாதிரியே அன்றைய குறிப்பில் எழுதிவைத்தேன்.

ஐப்பசி மழையில் சளி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்றரை வாரப் படுக்கை, ஸ்டீராய்டு, நெபுலைசர். இந்த நோயில் இப்படி ஒவ்வொரு முறை படுத்து எழும்போதும் சேர்த்து வைத்த பலத்தில் ஒரு பங்கு போய்விடும். பலர் அதோடு பயிற்சியை விட்டுவிடுகிறார்கள், இவ்வளவு செய்தும் இப்படி ஆகிவிட்டதே என்று. அவர் திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது, மனைவியின் தோளைப் பிடித்திருந்தார். சோதித்துப் பார்த்தேன், 42. நான் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பதற்குள் அவரே மூலைக்குப் போய்ச் சுவரில் முதுகு படாமல் நின்றுகொண்டார். அவர் மனைவி நாற்காலியை இழுத்து முன்னால் போட்டார். "பாதத்த சேத்து வச்சு நிக்கிறது வேணாம், அது வருது. அரையடி ஸ்டேஜ்ல இருந்து போட்டுக்குவோம்" என்றார் கண்டக்டர் ஐயா. ஆக்சிமீட்டரை மாட்டி, இன்ஹேலர் எடுத்தாரா என்று கேட்டுவிட்டு, வலது காலை அரை அடி முன்னே வைக்கச் சொன்னேன்.